காணாமல் போகாத கப்பல்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே வலைப்பூவில் "பனியில் மாயமான கப்பல்" என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2018-ல் வந்த 'தி டெரர்' தொலைக்காட்சித் தொடரை ராத்திரி ராத்திரியா முழிச்சுப் பார்த்துட்டு, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள எழுதினது. பேய், பனி, பசி, மர்மம்னு எல்லா மசாலாவும் போட்டு அரைச்சிருந்தேன். "168 வருடங்கள் இந்தக் கப்பல் எங்கே போனது என்று உலகில் ஒருவருக்கும் தெரியவில்லை" என்பதுதான் முதல் வரியே. கூட்டம் நல்லாவே கூடிச்சு. "சூப்பர் தல", "அடுத்த பாகம் எப்போ?" வகைப் பின்னூட்டங்கள். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

எல்லாம் ஓய்ஞ்ச பிறகு டொராண்டோவில் இருக்கும் ஈழத்து நண்பர் ஒருத்தர் வந்து ரெண்டே வரி எழுதிட்டுப் போனார். "அண்ணை, ஒருத்தருக்கும் தெரியாது எண்டு எழுதியிருக்கிறியள். அங்க இருக்கிற சனத்தை ஆரும் கேட்டுப் பாத்தவையோ?"

ஒரு ஸ்மைலி போட்டு "நல்ல கேள்வி" என்று சமாளிச்சேன். ஆனா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்தது. ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தக் கப்பலைப் பத்தியே படிச்சேன். படிக்கப் படிக்க, நான் எழுதினதுல பாதி தப்பு, மீதிப் பாதி அதைவிட மோசம்னு தெரிஞ்சது. இந்தப் பதிவு அவருக்கான பதில். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு வெச்சுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல, எச்.எம்.எஸ். டெரர் ஆராய்ச்சிக் கப்பலே கிடையாது. பழைய பதிவில் "துருவ ஆராய்ச்சிக்கென்றே கட்டப்பட்ட" என்று அடிச்சு விட்டிருந்தேன், மன்னிக்கணும். அது ஊர்கள் மேல குண்டு போடுறதுக்காகக் கட்டின மரக்கப்பல். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டாப்ஷாம் என்ற சின்ன ஊரில், 1813 ஜூன் மாதம் தண்ணியில் இறங்கியது. நீளம் சுமார் 102 அடி, அகலம் 27 அடி. நம்ம மாநகரப் பேருந்து மூணை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நிறுத்தினா வர்ற நீளம், அவ்ளோதான். அதுக்குள்ள அறுபதுக்கும் மேல ஆட்கள்.

இந்த வகைக் கப்பல்களுக்கு 'பாம் வெசல்' என்று பேர். குண்டு வீச்சுக் கப்பல்னு வெச்சுக்கலாம். சாதாரணப் போர்க்கப்பல் பக்கவாட்டுல பீரங்கி வெச்சு நேரா சுடும். எதிர்ல மதில் இருந்தா குண்டு மதில்லதான் மோதும். மதிலுக்கு அந்தப் பக்கம் போடணும்னா? அதுக்குத்தான் மார்ட்டர். குட்டையா, வாய் அகண்டு, நம்ம ஊர் உரலைச் சாய்ச்சு வெச்ச மாதிரி இருக்கும். குண்டு மேல போய், வளைஞ்சு, தலைக்கு மேலிருந்து விழும். டெரர்ல ரெண்டு மார்ட்டர். ஒண்ணு 13 அங்குல வாய், இன்னொண்ணு 10 அங்குலம். அந்த 13 அங்குலக் குண்டு ஒண்ணு கிட்டத்தட்ட 90 கிலோ. உள்ளே கூடு மாதிரி இருக்கும், அதுல வெடிமருந்து அடைச்சு மரக்குழாய்ல திரி வெப்பாங்க. எவ்வளவு தூரம் போகணுமோ அந்த நேரக் கணக்குக்குத் திரியை வெட்டணும். நீளமா வெட்டினா மண்ணுல புதைஞ்சு கிடக்கும், குட்டையா வெட்டினா வானத்துலயே வெடிச்சுடும்.

இதுல சூட்சுமம் குண்டுல இல்லை, கப்பல்ல. அவ்வளவு கனமான குண்டை மேல்நோக்கி எறிஞ்சா, அதே விசை கீழ்நோக்கிக் கப்பலை உதைக்கும். சாதா மரக்கப்பல்னா தளம் பிளந்துடும். அதனால மார்ட்டருக்குக் கீழே கப்பலோட அடிவரைக்கும் கட்டை மேல கட்டையா அடுக்கி, குறுக்கு மரமெல்லாம் ரெட்டிப்பாக்கி, பெட்டகம் மாதிரி கட்டுவாங்க. மார்ட்டரை அப்படி இப்படித் திருப்பிக் குறி பார்க்குறதும் லேசு இல்லை. நங்கூரம் போட்டு, நங்கூரக் கயிறுல இன்னொரு கயிறு கட்டி, அதை இழுத்தும் தளர்த்தியும் கப்பலையே திருப்பணும். மொத்தக் கப்பலும் ஒரு பீரங்கி வண்டி, அவ்ளோதான்.

பேர் வெச்ச விதத்தையும் பாருங்க. இந்த வகைக் கப்பல்களுக்கு எரிமலைப் பேர், நரகப் பேர், இடி மின்னல் பேர்னு தேடித் தேடி வெச்சாங்க. வெசூவியஸ், எட்னா, ஹெக்லா, வால்கேனோ, இன்ஃபெர்னல், தண்டர், ஃப்யூரி. நம்மாளு டெரர், அதாவது கிலி. யாருக்குக் கிலி? கரையில நிக்கிறவனுக்கு. அந்தக் கரையைப் பத்தித்தான் நான் பழைய பதிவுல ஒரு வரிகூட எழுதலை.

டெரர் தண்ணியில் இறங்கினப்போ இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சண்டை (1812-ல் ஆரம்பிச்சது). 1814 ஆகஸ்ட்ல கனெக்டிகட் கடற்கரையில் ஸ்டோனிங்டன் என்ற சின்ன ஊர் முன்னாடி போய் நின்னது. கூட நின்ன படைக்குத் தலைவர் தாமஸ் ஹார்டி, டிராஃபல்கர் சண்டையில் நெல்சன் சாகும்போது பக்கத்துல இருந்தாரே, அதே ஹார்டி. ஊர்க்காரங்களுக்கு ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்து, காலி பண்ணச் சொல்லிட்டு அடிச்சாங்க. ஆகஸ்ட் 9-லிருந்து 12 வரைக்கும். ஊர்க்காரங்க கையில இருந்த சொற்ப பீரங்கியை வெச்சுக்கிட்டு எதிர்த்து நின்னாங்க. வீடுகள் சேதம்தான், ஆனா ஊர் விழலை, கப்பல்கள் திரும்பிப் போயிடுச்சு.

அடுத்த மாசம் பால்டிமோர். செப்டம்பர் 13 காலையில் ஆரம்பிச்சு அடுத்த நாள் காலை வரை, 25 மணி நேரம். டெரரோட சேர்த்து அஞ்சு குண்டுக் கப்பல்கள், மக்ஹென்றி கோட்டையோட பீரங்கி எட்டாத தூரத்துல, சுமார் ரெண்டு மைல் தள்ளி நின்னுக்கிட்டு 1500-க்கும் மேல குண்டு போட்டுச்சு. மழை வேற. கோட்டைக்குள்ள செத்தது நாலு பேர். கோட்டை விழலை. விடிஞ்சப்போ கோட்டை மேல பெரிய கொடி பறந்ததைத் தூரத்துல ஒரு படகுல இருந்து பார்த்த வக்கீல் ஒருத்தர் பாட்டு எழுதினார். அவர் பேர் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ. கைதியா இருந்த ஒரு டாக்டரை விடுவிக்கப் பேச வந்து, சண்டை முடியுற வரைக்கும் திரும்பிப் போக விடாம நிறுத்தி வெச்சிருந்தாங்க. அந்தப் பாட்டு 1931-ல் அமெரிக்க தேசிய கீதம் ஆச்சு. அதுல வானத்துல வெடிக்கிற குண்டுகள் வருதே, அதுல டெரர் போட்ட குண்டுகளும் சேர்த்தி. இன்னிக்கும் விளையாட்டு மைதானத்துல நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு அமெரிக்கர்கள் பாடுறது நம்ம கப்பலோட வேலையைப் பத்தியும்தான்.

(இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன், நானும் விழுந்த பள்ளம் இது. பால்டிமோர்ல எரிபஸ்னு ஒரு ராக்கெட் கப்பலும் இருந்தது. பின்னால டெரரோட ஆர்க்டிக் போன எரிபஸ் அது இல்லை. அது 1826-ல் கட்டின வேற கப்பல். "இரண்டு நண்பர்களும் பால்டிமோரிலிருந்தே சேர்ந்து பயணித்தார்கள்" என்று உருகி உருகி எழுதியிருந்தேன். அவ்வ்வ்.)

1815 ஜனவரியில் ஜார்ஜியா கடற்கரையில் ஒரு கோட்டையைப் பிடிக்கப் போனதுதான் கடைசி வேலை. சமாதான ஒப்பந்தம் டிசம்பர் 24-ஆம் தேதியே கையெழுத்தாகிடுச்சு, ஆனா சேதி கடல் தாண்டி வரலை. சண்டை முடிஞ்சதே தெரியாம ஒரு சண்டை. அப்புறம் பதிமூணு வருஷம் சும்மா கட்டிப் போட்டுட்டாங்க. 1828-ல் மத்தியதரைக் கடலுக்குன்னு கிளப்பி, லிஸ்பன் பக்கத்துல தரை தட்டி, இழுத்துட்டு வந்து மறுபடி ரிப்பேர். அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை.

இனிமேதான் எல்லாருக்கும் தெரிஞ்ச டெரர் வருது. குண்டு போடுறப்போ தன் உதையைத் தானே தாங்குற கப்பல், பனிக்கட்டி நெருக்கினாலும் தாங்கும்னு கடற்படைக்காரங்களுக்கு ரொம்ப நாளாவே தெரியும். 1773-லேயே கார்கஸ்னு ஒரு குண்டுக் கப்பலை வடதுருவம் பக்கம் அனுப்பிப் பார்த்திருக்காங்க, பொடியனா நெல்சன் போனது அதுலதான். மார்ட்டரைக் கழட்டு, பலகையை இன்னும் தடிப்பாக்கு, முன்பக்கம் இரும்புத் தகடு அடி. ஆச்சு, ஆராய்ச்சிக் கப்பல் ரெடி.

1836-ல் ஜார்ஜ் பேக் என்ற கேப்டன் டெரரை ஹட்சன் விரிகுடா பக்கம் கொண்டு போனார். சௌதாம்ப்டன் தீவுக்குப் பக்கத்துல பனி பிடிச்சு, பத்து மாசம் விடலை. ஒரு சமயம் பனி அழுத்தின அழுத்தத்துல கப்பல் ஒரு பாறைச் சரிவுல நாற்பது அடி உசரத்துக்கு மேல தள்ளப்பட்டது. திரும்பி வரும்போது முங்குற நிலைமை. இங்கிலாந்து வரைக்கும்கூட வர முடியாம, 1837 செப்டம்பர்ல அயர்லாந்து கரையில மணல்ல ஏத்தித்தான் காப்பாத்தினாங்க. இந்த பேக் பேர்ல கனடாவுல ஒரு ஆறு இருக்கு. அதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வரும்.

அப்புறம் 1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கூட அண்டார்டிகா. எரிபஸ்ல ராஸ், டெரர்ல ஃபிரான்சிஸ் குரோஷியர் என்ற அயர்லாந்துக்காரர். 1841 ஜனவரியில், பனிக்கு நடுவுல புகை கக்குற எரிமலை ஒண்ணைப் பார்த்து மலைச்சுப் போனாங்க. அதுக்கு மவுண்ட் எரிபஸ்னு பேர் வெச்சாங்க. பக்கத்துல இருந்த அணைஞ்ச எரிமலைக்கு மவுண்ட் டெரர். எரிமலைப் பேரெல்லாம் வெச்ச குண்டுக் கப்பல் குடும்பத்துல இருந்து வந்த ஒரு கப்பலோட பேர் கடைசியில ஒரு எரிமலைக்கே போய்ச் சேர்ந்தது எனக்குப் பிடிச்ச விஷயம். ஸ்டோனிங்டன் ஊர்க்காரங்களை நடுங்க வைக்கணும்னு வெச்ச பேர், இன்னிக்கு ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மலைக்குப் பேர்.

போற வழியில தாஸ்மானியாவுல இறங்கினப்போ அவங்களை உபசரிச்சது அங்கே கவர்னரா இருந்த ஜான் ஃப்ராங்க்ளின். அஞ்சு வருஷம் கழிச்சு அதே ரெண்டு கப்பலையும் கூட்டிக்கிட்டு ஆர்க்டிக் போகப் போறவர் அவர்தான்.

ஃப்ராங்க்ளின் கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், அதனால ஓட்டமா சொல்றேன். 1845 மே 19 இங்கிலாந்திலிருந்து புறப்பாடு. கனடாவுக்கு மேல பனிக்குள்ள புகுந்து ஆசியாவுக்குக் கடல் வழி கண்டுபிடிக்கணும். ரெண்டு கப்பலுக்கும் ரயில் என்ஜின் பொருத்தியிருந்தாங்க. மூணு வருஷச் சாப்பாடு, ஆயிரத்துக்கும் மேல புத்தகங்கள். நடுவுல உடம்பு சரியில்லாத சிலரைத் திருப்பி அனுப்பின பிறகு 129 பேர். முதல் குளிர்காலம் பீச்சி தீவுல, அங்கே மூணு கல்லறை. அதுல ஒருத்தன் டெரர்ல கரி அள்ளிப் போட்ட ஜான் டோரிங்டன், வயசு 20. 1846 செப்டம்பர்ல கிங் வில்லியம் தீவுக்கு வடமேற்கே பனி பிடிச்சது. அப்புறம் விடவே இல்லை. 1847 ஜூன்ல ஃப்ராங்க்ளின் காலி. 1848 ஏப்ரல் 22 அன்னிக்கு மிச்சம் இருந்த 105 பேரும் கப்பலை விட்டு இறங்கினாங்க. குரோஷியர் தலைமையில் தெற்கே நடக்க ஆரம்பிச்சாங்க. எங்கே? பேக் ஆறு நோக்கி. டெரரோட பழைய கேப்டன் பேர் வெச்ச அந்த ஆறுதான். ஒருத்தர்கூட ஊர் போய்ச் சேரலை.

என் பழைய பதிவு இங்கே முடிஞ்சிடுச்சு. "அதன் பின் மௌனம்" என்று டச்சிங்கா ஒரு வரி வேற.

மௌனமெல்லாம் இல்லைங்க. அந்தத் தீவைச் சுத்தி ஆளுங்க வாழ்ந்துக்கிட்டிருந்தாங்க. இன்யூட் மக்கள். அவங்க பார்த்தாங்க, பேசினாங்க, பிள்ளைங்களுக்குச் சொன்னாங்க. நாலு குடும்பம் இந்த வெள்ளைக்காரக் கூட்டத்தைத் தீவோட தென்கரையில நேருக்கு நேர் சந்திச்சிருக்கு. இழுவைப் படகோட, பசியில தள்ளாடிக்கிட்டு வந்தாங்களாம். சீல் கறி கொடுத்திருக்காங்க. மறுநாள் காலையில குடும்பங்கள் கிளம்பிடுச்சு. கல் நெஞ்சுன்னு சட்டுனு சொல்லிடாதீங்க. சீல் வேட்டையில நாலு குடும்பத்துக்குக் கிடைக்கிறதே இழுபறி. அத்தனை ஆம்பளைங்களை உக்கார வெச்சுச் சோறு போட யாரால முடியும்?

1854-ல் ஜான் ரே என்ற டாக்டர், ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்கு வேலை பார்த்தவர், இன்யூட் மக்கள்கிட்டேர்ந்து இந்தச் சேதியை முதல்ல கேட்டு வந்தார். சும்மா கேட்டு வரலை. அதிகாரிகளோட குடும்ப முத்திரை போட்ட வெள்ளி ஸ்பூன், ஃப்ராங்க்ளினோட பதக்கம் எல்லாத்தையும் அவங்ககிட்ட விலைக்கு வாங்கிக் கொண்டு வந்தார். கூடவே ஒரு கசப்பான சேதியும் கொண்டு வந்தார்: கடைசியில இருந்தவங்க செத்தவங்க உடம்பைச் சாப்பிட்டிருக்காங்க.

லண்டன் பொங்கி எழுந்தது. அதுல முன்னால நின்னது யார் தெரியுமா? சார்லஸ் டிக்கன்ஸ். ஏழைப் பிள்ளைங்களுக்காக நம்மளையெல்லாம் அழ வெச்ச அதே டிக்கன்ஸ். 1854 டிசம்பர்ல தன் பத்திரிகையில, ஆங்கிலேயக் கடற்படைக்காரன் அப்படிச் செய்யவே மாட்டான், இந்தக் காட்டுமிராண்டிகள் சொல்றதை நம்ப முடியாது, இவங்களே கொன்னிருந்தாலும் இருக்கும்ங்கிற ரீதியில எழுதினார். ரே அதே பத்திரிகையில பதில் எழுதினார்: இந்த மக்களை எனக்குத் தெரியும், இவங்க பேச்சு நம்பகமானது. எடுபடலை. ரே சொந்தக் கண்ணால அந்த இடத்தைப் போய்ப் பார்க்கலைங்கிறது நிஜம்தான், அதை வெச்சே அவரை மடக்கினாங்க. பரிசுப் பணம் பத்தாயிரம் பவுண்டு கிடைச்சது. சர் பட்டம் கடைசி வரை கிடைக்கலை.

எனக்கு டிக்கன்ஸ் ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் இது தொண்டையில மாட்டின முள்ளு மாதிரி இருக்கு. அவர் பொய்க்காரர் இல்லை. நேர்ல பார்த்தவனைவிட, தனக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கிறவனை நம்பினார், அவ்வளவுதான். நான் பழைய பதிவு எழுதினப்போ செஞ்சதும் அதேதான், அவர் அளவுக்கு நல்ல நடையில செய்யலை, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

பால்டிமோரையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதே கப்பல். ஒரு கரையில இருந்தவங்க பார்த்ததை எழுதினாங்க, அச்சடிச்சாங்க, தேசிய கீதமாவே பாடினாங்க. கொடி எத்தனை அடின்னுகூட (30-க்கு 42) நமக்குத் தெரியும், கொடியே வாஷிங்டன் அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த வக்கீல் ராத்திரி இருட்டுல எதைப் பார்த்தார்னு யாரும் குறுக்கு விசாரணை பண்ணலை. இன்னொரு கரையில இருந்தவங்களும் பார்த்ததைச் சொன்னாங்க. எழுத்துல இல்லை, வாயால. பேர் சொல்லி, இடம் சொல்லி, கையில பொருளோட சொன்னாங்க. அது "மர்மம்" ஆயிடுச்சு.

1990-கள்ல எரிபஸ் விரிகுடாவுல கிடைச்ச எலும்புகளைப் பரிசோதிச்சாங்க, கத்தி வெட்டுத் தடயங்கள் இருந்தது. 2024-ல் மரபணுச் சோதனையில ஒரு தாடை எலும்பு எரிபஸ் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஜேம்ஸுடையதுன்னு தெரிஞ்சது. அந்தத் தாடையிலும் வெட்டுத் தடயம். 170 வருஷம் கழிச்சு இன்யூட் சாட்சிக்கு ஆய்வகத்துலேர்ந்து ரசீது வந்தது.

கப்பல் விஷயமும் அப்படித்தான். ஒரு கப்பல் தெற்கே வந்து அடிலெய்டு தீபகற்பத்துக்கு மேற்கே முங்கிச்சுன்னு 19-ஆம் நூற்றாண்டுல வந்து விசாரிச்சவங்ககிட்ட எல்லாம் இன்யூட் மக்கள் சொன்னாங்க. உள்ளே போய்ப் பார்த்தோம், பெரிய உடம்போட ஒரு ஆள் செத்துக் கிடந்தான்னுகூடச் சொன்னாங்க. 2014-ல் எரிபஸ் கிடைச்சது அந்தப் பக்கம்தான். கியோவா ஹேவன் என்ற ஊர்ல லூயி கமூகாக் என்றொரு வாத்தியார் இருந்தார், 2018-ல் காலமானார். சின்ன வயசுல கொள்ளுப்பாட்டி சொன்ன கதையில ஆரம்பிச்சு, வாழ்நாள் பூரா பெரியவங்க வாய்மொழியைச் சேகரிச்சவர். எரிபஸ் கிடைச்சப்போ அதிகமா சந்தோஷப்பட்டது அவராத்தான் இருக்கும்.

டெரர் விஷயத்துல வாய்மொழி அவ்வளவு துல்லியம் இல்லை, அதையும் ஒத்துக்கணும். ஒரு கப்பல் ஆழத்துல முங்கிடுச்சு, அதுலேர்ந்து ஒண்ணும் கிடைக்கலைன்னுதான் 1859-ல் வந்தவர்கிட்டச் சொன்னாங்க. ஆனா தீவோட தென்மேற்கு விரிகுடாக் கரையில கூடாரமும் ஏகப்பட்ட சடலங்களும் பார்த்ததாச் சொல்லியிருந்தாங்க. அந்த விரிகுடாவுக்கு யாரோ ஏற்கெனவே டெரர் பே என்று பேர் வேற வெச்சிருந்தாங்க!

தேடினவங்க எல்லாம் வடக்கே தேடிக்கிட்டிருந்தாங்க. 2016-ல் மார்ட்டின் பெர்க்மன் என்ற தேடுதல் படகுல சாமி கொக்விக் என்ற கியோவா ஹேவன்காரர் ஏறினார். பேச்சுவாக்குல சொன்னார்: ஏழெட்டு வருஷம் முன்னாடி நண்பரோட ஸ்னோமொபைல்ல மீன் பிடிக்கப் போனப்போ, டெரர் பேயில பனிக்கு வெளியே ஒரு மரக்கம்பம் நீட்டிக்கிட்டிருந்தது, அதைக் கட்டிப் பிடிச்சுப் போட்டோகூட எடுத்தேன், திரும்பி வந்தா கேமராவைக் காணோம். கெட்ட சகுனம்னு நினைச்சு அத்தனை வருஷம் வாயைத் திறக்கலை.

கேட்டவர் அட்ரியன் ஷிம்னோவ்ஸ்கி, தேடுதலை நடத்தின ஆர்க்டிக் ஆராய்ச்சி அறக்கட்டளைக்காரர். அவர் சிரிக்கலை. "ஆதாரம் எங்கே?"ன்னு கேக்கலை. படகைத் திருப்பச் சொன்னார். செப்டம்பர் 3-ஆம் தேதி, விரிகுடாவுக்குள்ள நுழைஞ்ச சில மணி நேரத்துல, 24 மீட்டர் ஆழத்துல டெரர். நிமிர்ந்து உக்கார்ந்திருந்தது. கேப்டன் அறை ஜன்னல் கண்ணாடிகூட உடையாம.

168 வருஷமா பண்ணின தேடல் எல்லாம் ஒரு பக்கம், ஒரு ஆளை உக்கார வெச்சுக் கேட்ட அஞ்சு நிமிஷம் ஒரு பக்கம்.

"அவங்க அப்பவே இன்யூட் மக்கள்கிட்ட கத்துக்கிட்டிருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்க" என்று ஒரு கோஷ்டி சொல்லும். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. 105 பேரை அந்த நிலம் தாங்காது. 1903-ல் ஆமுண்ட்சன் அதே தீவுக்கு வந்தார், கூட ஆறு பேர்தான். இப்போ கியோவா ஹேவன் இருக்கிற இடத்துலதான் ரெண்டு குளிர்காலம் தங்கினார். பக்கத்துல இருந்த மக்கள்கிட்ட தோல் உடுப்பு போடவும் நாய் வண்டி ஓட்டவும் கத்துக்கிட்டு, 1906-ல் வழியை முடிச்சுட்டுப் போனார். அவர் கப்பல் கியோவா, மீன்பிடிக் கப்பல்தான். குண்டு தாங்குற மாதிரியெல்லாம் கட்டினது இல்லை. டெரரோட உறுதிதான் அவங்களைத் திரும்ப முடியாத ஆழத்துக்குக் கொண்டு போச்சுன்னு எனக்குத் தோணும். லேசான கப்பலா இருந்திருந்தா முன்னாடியே பயந்து திரும்பியிருப்பாங்க. இது என் அபிப்பிராயம், கப்பல் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல வந்து திட்டலாம்.

இப்போ ரெண்டு கப்பலும் தேசிய வரலாற்றுச் சின்னம். 2018-ல் பிரிட்டன் அதைக் கனடாவுக்குக் கொடுத்துடுச்சு, கனடாவும் இன்யூட் மக்களும் சேர்ந்துதான் பொறுப்பு. 2019-ல் ஒரு சின்ன இயந்திரத்தை உள்ளே விட்டு டெரரைப் படம் எடுத்தாங்க. அலமாரியில தட்டு அடுக்கினபடி இருக்கு, பாட்டில்கள் இருக்கு, குரோஷியரோட மேஜை டிராயர் மூடியபடி இருக்கு. உள்ளே காகிதம் இருந்தா அந்தக் குளிர்ல, வண்டல்ல, எழுத்து பிழைச்சிருக்கவும் வாய்ப்பு உண்டாம். இயந்திரம் போன இடத்துல மூடியிருந்த ஒரே கதவு, குரோஷியர் படுத்துத் தூங்கின அறையோடது. அதைத் திறக்கலை.

அந்த டிராயர்ல எழுத்து கிடைச்சா மறுபடியும் உலகமே பரபரக்கும், "கடைசியில் உண்மை தெரிந்தது" என்று தலைப்பு போடுவாங்க. அப்போ நானும் ஆர்வமாப் படிப்பேன், சந்தேகமே இல்லை. தலைப்பை மட்டும் நம்ப மாட்டேன்.

டிஸ்கி: பழைய பதிவை அழிச்சுடலாமான்னு யோசிச்சேன். அழிச்சா பின்னூட்டமும் சேர்ந்து போயிடும், அந்த ரெண்டு வரியும் போயிடும். அதனால அப்படியே விட்டுட்டு, மேலே சிவப்பு எழுத்துல "இதைப் படிக்கும் முன் புதுப் பதிவைப் படிக்கவும்" என்று மட்டும் சேர்த்திருக்கேன். டொராண்டோ நண்பரே, இந்தப் பக்கம் வந்தால் ஒரு குரல் கொடுங்க. பதில் சொல்ல ரெண்டு வருஷம் ஆயிடுச்சு :-)